பிட்டர் எழுதிய வண்டிக் கணக்கு

ஒரு மனிதரை ஒற்றுக்காரர் என்று ஊர் நம்பியதற்கு நான் காரணம். போலீசுக்கு ஆள் காட்டிக் கொடுத்தவர் என்ற பெயரை அவர் முப்பது வருஷத்துக்கு மேல் சுமந்தார். அவர் அப்படிச் செய்யவில்லை என்பதை உறுதியாக அறிந்திருந்த ஒரே ஆள் நான்தான். கேட்டவர்களிடம் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் வேறு வாக்கியம் சொன்னேன்.

ஊரில் அவரைப் பிட்டர் என்பார்கள். செங்கோட்டைப் பாதையில், மலைக்கு அந்தப் பக்கத்து எஞ்சின் கொட்டகையில் பிட்டராக இருந்தவர். அங்கே ஒரு நாள் வலது கையின் இரண்டு விரல்கள் நசுங்கிப் போயின. வேலையை விட்டுவிட்டு மனைவியோடும் மகளோடும் பாறசாலைக்குக் கிழக்கே, பெரிய ரோட்டை ஒட்டியிருந்த தகப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

நான் அப்போது மிஷன் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். திருவனந்தபுரத்தில் காலேஜில் படித்த வருஷங்களில் சாயங்காலங்களை ரயில் நிலையத்திலேயே கழித்தவன். படிப்பு முடிந்தும் அந்தக் கிறுக்கு விடவில்லை. எங்கள் பகுதியில் ரயில் கிடையாது. தண்டவாளம் திருவனந்தபுரத்தோடு முடிந்தது. அங்கிருந்து தெற்கே நாகர்கோவில் வரைக்கும் பஸ்ஸும் லாரியும் மாட்டு வண்டியும்தான். அதனால் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய், பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, வருகிற எஞ்சின்களின் நம்பரையும் நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டு திரும்புவேன். வீட்டில் கேட்டால் லைப்ரரிக்குப் போனதாகச் சொல்வேன்.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். பிளாட்பாரத்தின் கடைசியில் நின்று அவரும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார், இடது கையால். கொல்லத்து வண்டி உள்ளே வந்தபோது எழுதுவதை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

“சக்கரம் ஒரு சுத்து சுத்தினா நாலு மூச்சு விடணும். கேட்டீரா? மூணாவது நொண்டுது. வால்வு சரியில்ல.”

எனக்கு நாலும் ஒன்றுபோலவே கேட்டன. அதைச் சொன்னதும் சிரித்தார். “அப்பம் நீரு நம்பரு மட்டும் எழுதும். மூச்ச நான் எழுதுதேன்.”

இருவருக்கும் ஒரே ஊர் என்று திரும்பும் பஸ்ஸில்தான் தெரிந்தது. அதன்பிறகு இரண்டு வருஷம் நாங்கள் சேர்ந்தே போனோம், சேர்ந்தே வந்தோம். அவரைவிடப் பதினெட்டு வயது இளையவன் நான். எனக்கு இருந்த ஒரே கூட்டுக்காரர் அவர்தான் என்று சொன்னால் மிகையில்லை.

வீட்டின் பின்னால் ஓலைச் சாய்ப்பில் அவர் ஒரு பட்டறை வைத்திருந்தார். காலால் மிதித்து ஓட்டும் பழைய லேத் ஒன்று. அதில் பித்தளையில் ஒரு எஞ்சின் செய்துகொண்டிருந்தார். முன்னால் நாலு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், மலைப்பாதையில் அவர் பழுது பார்த்த அதே ஜாதி எஞ்சின். நீளம் ஒன்றரை முழம் இருக்கும். எரிசாராயத்தில் தண்ணீர் கொதித்து அது தானாக ஓட வேண்டும் என்பது திட்டம். சாய்ப்பின் மூன்று சுவரையும் ஒட்டிப் பலகை அடித்து அதன்மேல் பாதையும் போட்டார். எந்தப் பாதை என்றால், இல்லாத பாதை: திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, நாகர்கோவில்.

“ரயிலு வேணும்ணு கெஞ்சினா தரமாட்டான். கணக்கு காட்டினா தருவான்” என்பார். இந்த ரோட்டில் எத்தனை ஜனம் போகிறது, எவ்வளவு சரக்கு போகிறது என்று எழுதி ரயில்வேக்கு அனுப்பினால் பாதை வரும் என்று நம்பினார். அதற்காக வீட்டு முற்றத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து போகிற வருகிற வண்டியை எல்லாம் எழுத ஆரம்பித்தார். மணி, வண்டி, தெற்கா வடக்கா, தலை எத்தனை, சரக்கு என்ன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குமேல் நானும் கூட இருந்து எழுதினேன். அவருடைய கணக்கை என் நோட்டில் பிரதி எடுத்து வைப்பதும் என் வேலை. ஒன்று தொலைந்தால் மற்றது இருக்கட்டும் என்று அவர்தான் சொன்னார்.

இதற்குள் எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களைத் திருக்கொச்சி ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. தெற்கே விளவங்கோட்டில் அநேகமாக ஊர் முழுக்க ஒரு பக்கம் நின்றது. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் அப்படி இல்லை. அடுத்த வீட்டுக்காரன் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும். சாயாக்கடைகள் பிரிந்தன. முடிவெட்டுகிறவர்கள் பிரிந்தார்கள். எங்கள் சபையில் ஒரு ஞாயிறு தமிழிலும் மறு ஞாயிறு மலையாளத்திலும் ஆராதனை நடக்கும்; மலையாள ஞாயிறுகளில் தமிழ்க் கட்சிக்காரர்கள் கோயிலுக்குள் வராமல் வெளியே மாமரத்தடியில் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நானும் நின்றேன். மேடையில் பேசினேன். எனக்குப் பேச்சு வரும் என்பதை அப்போது கண்டுகொண்டேன், அது என்னைக் கெடுத்தது.

பிட்டர் எந்தப் பக்கமும் பேசவில்லை.

ஸ்டேஷன்களுக்குப் பெயர்ப்பலகை எழுத என்னைத்தான் கேட்டிருந்தார், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். விரல் நீளத் தகரம். மூன்று பாஷையில் எழுத வேண்டும். பாறசாலைக்கு எழுதும்போது தமிழை மேலே போட்டேன். மறுநாள் அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“இதில தமிழ மேல எழுதினது ஆரு சொல்லி?”

“நான்தான். பாறசாலை தமிழ் ஊராக்கும்.”

“ஊரு எதுவும் ஆவட்டு. எந்த ராஜ்யமோ அந்த பாஷைய ரயில்வேக்காரன் மேல போடுவான். இண்ணைக்கு இது திருக்கொச்சி. நாளைக்கு மாறிச்சுண்ணா நானே மாத்துவேன்.”

“உமக்க வீட்டில ஜெபம் தமிழு. பைபிளு தமிழு. பாட்டு தமிழு. போர்டுக்கு மட்டும் மலையாளமா?”

“இது எனக்க வீடு இல்ல சாரே. ஸ்டேஷனு.”

அவர் சொன்னது சரி. ஒரு ரயில் பைத்தியத்துக்கு வேறு பதில் கிடையாது, எனக்கும் அது தெரியும். ஆனால் முந்தின நாள்தான் நான் மேடையில் கைதட்டல் வாங்கியிருந்தேன்.

“ரெண்டு விரலு போனப்போ கூடவே ரோஷமும் போச்சு உமக்கு” என்றேன்.

அவர் ஒரு பிளேடை எடுத்து, நான் எழுதியதை என் கண்முன்னால் சுரண்டி எடுத்தார். முழுவதும் சுரண்டி முடித்துத் தகரத்தைத் துடைத்துவிட்டு, “சார் எறங்கும்” என்றார். அதற்குப்பிறகு மூன்று மாதம் நாங்கள் பேசவில்லை. அவர் முற்றத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார். நான் ரோட்டின் மறுபக்கமாகப் பள்ளிக்கூடம் போவேன். அப்படிப் போகிற என்னையும் ஒரு தலை என்று எண்ணுகிறாரோ என்று தோன்றும், எரிச்சலாக இருக்கும்.

அந்தச் சமயத்தில், தெற்கே ஒரு கூட்டத்துக்குப் போய் லாரியில் திரும்பிய எங்கள் ஊர்க்காரர்களைப் போலீஸ் வழியில் மறித்து அடித்தது. ஒருவருக்குக் கை ஒடிந்தது. சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த லாரி, எத்தனை மணி என்று போலீசுக்கு எப்படித் தெரியும் என்று ஊர் கேட்டது. காட்டிக் கொடுத்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் இல்லாமலும் இருக்கலாம். அந்த லாரி கோஷம் போட்டுக்கொண்டேதான் போனது, கோஷம் போட்டுக்கொண்டேதான் வந்தது.

பள்ளிக்கூடத்து மத்தியான இடைவேளையில் மூன்று பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். முன்னால் நின்றவர் எங்கள் பகுதியில் போராட்டத்தை நடத்திய தையல்கடைக்காரர்.

“சாரே, ஒரு காரியம் கேக்கணும். அந்த பிட்டரு முற்றத்தில இருந்து ஒரு புக்கில எழுதுதாரே, என்னவாக்கும் அது?”

“ரயிலு கணக்குண்ணு சொல்லுதாவ” என்றார் அடுத்தவர். “சாருக்குத் தெரியாம இருக்காது. நீங்க கூட்டுல்லா.”

“கூட்டு விட்டு மாசம் மூணாச்சு” என்றேன்.

“எண்ணாலும்?”

எனக்கு அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கமும் தெரியும். அதில் பாதி என் டிரங்குப் பெட்டியில், என் கையெழுத்தில் இருந்தது.

“முன்ன ரயிலு கணக்குத்தான் எழுதுவாரு. இப்பம் நம்ம ரோட்டில ரயிலா ஓடுது?” என்றேன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்கடைக்காரர், “போதும் சாரே, வாறோம்” என்று சொல்லிப் போனார். எனக்கு அப்போது மனசு உறுத்தவில்லை. பதில் நன்றாக வந்துவிட்டது என்று ஒரு திருப்திகூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், கோயிலிலிருந்து அப்படியே ஒரு கூட்டம் அவர் வீட்டுக்குப் போனது. நானும் பின்னால் போனேன். தையல்கடைக்காரர் நோட்டைப் பிடுங்கி, லாரி போன நாளின் பக்கத்தைத் தேடி எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“காலத்த ஒம்பதே கால். லாரி ஒண்ணு. தெக்கு. தல முப்பத்தெட்டு.”

கூட்டத்தில் ஒரு உறுமல் எழுந்தது. கை ஒடிந்தவரின் தம்பி முன்னால் வந்து பிட்டரின் கன்னத்தில் அறைந்தான். “எனக்க அண்ணனும் ஒரு தலயா லே உனக்கு?”

“அது எண்ணிக்கையாக்கும். ரயிலுக்குள்ள எண்ணிக்கை” என்றார் பிட்டர். சுற்றிப் பார்த்தார். என்னைக் கண்டுபிடித்தார். “அங்க சார் நிக்காரு. சாருட்ட கேளுங்கோ. சாரே, பறயும். உமக்க புக்கிலயும் இதுதானே உண்டு?”

எல்லோரும் திரும்பினார்கள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன்.

அவர் மறுபடி என்னைக் கேட்கவில்லை. சாய்ப்புக்குள் போனவர்கள் முதலில் பாதையைப் பிடுங்கினார்கள். எஞ்சினைப் பார்த்த ஒருவன் வெடியாக்கும் என்று கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தான். இன்னொருவன் சிரித்துக்கொண்டே அதைத் தூக்கி வந்து முற்றத்தில் போட்டான். அவருடைய சம்மட்டியாலேயே அடித்தார்கள். பித்தளை சீக்கிரம் உடையாது. நெளியும். அதனால் வெகுநேரம் ஆனது. நோட்டை அடுப்பில் போட்டார்கள். அவருடைய மனைவி அடுப்படியில் நின்று, “நாசமா போவீங்க, கோயிலுக்குப் போயிட்டு நேரா வந்திருக்கீங்களே” என்று சொன்னது எனக்குக் கேட்டது.

வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்ட அப்போதும் நேரம் இருந்தது. அடியில் வேட்டிக்குக் கீழே தள்ளிப் பூட்டினேன்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு அவர் ஒரு நேந்திரன் வாழைக்குலையைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் சபையில் வழக்கம், ஆளாளுக்கு விளைந்ததைக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஒரு முட்டைக்குக்கூடப் போட்டி போட்டுக் கேட்பார்கள், சிரிப்பாக இருக்கும். குலையை உயர்த்திப் பிடித்து ஏலக்காரர் கூவினார். ஒருவரும் கேட்கவில்லை. மறுபடி கூவினார்.

“யூதாசுக்க குலைய ஆரு வேய் கேப்பா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

வருஷாவருஷம் ஏலத்தில் சத்தம் போட்டுக் கேட்கிறவன் நான். அன்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏலக்காரர் குலையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த பொருளை எடுத்தார். பிட்டர் போய்க் குலையைத் தோளில் எடுத்து வைத்துக்கொண்டு ரோட்டு வழியே நடந்தார். அதன்பின் அவர் எங்கள் சபைக்கு வரவில்லை. என் வகுப்பில் இருந்த அவருடைய மகளும் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள்.

எல்லை முடிவாயிற்று. தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. எங்கள் தாலுகா கேரளத்தில் நின்றது. மேடையில் பேசிய நாங்கள் வேறு வேலை பார்க்கப் போனோம். தையல்கடைக்காரர் சபைக் கமிட்டியில் உட்கார்ந்தார். பிட்டர் நெய்யாற்றின்கரையில் வேறொரு கோயிலுக்குப் போய்வந்தார், ஒரு பட்டறையில் வேலை செய்தார். இப்படிப் பன்னிரண்டு வருஷம் ஓடியது.

அப்புறம் ரயில் பாதைக்கு அளக்க ஆட்கள் வந்தார்கள். என் வீட்டுக்குப் பின்னால் முளை அடித்தார்கள். வந்தவர்களில் ஒருவர் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தபடி, இந்த ரோட்டில் பழைய நாளில் போக்குவரத்து எப்படி என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று சும்மா கேட்டார். நான் இல்லை என்றேன். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில், அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில், என் நோட்டோடு எழுந்து நின்றேன். பிட்டர் ஒற்றுக்காரர் இல்லை. அவர் எழுதியது ரயிலுக்கான கணக்கு. அதன் பிரதி இதோ. எனக்கு அன்றே தெரியும். தெரிந்தே மறைத்தேன் என்று சொன்னேன். அறிவிப்பு வாசித்தவர், “சார் இரியும், பழைய காரியமெல்லாம் இப்பம் எதுக்கு” என்றார். வெளியே தையல்கடைக்காரர் என்னைத் தடுத்து நிறுத்தினார்.

“நீரு சொல்லேலண்ணாலும் நாங்க போயிருப்போம் வேய். பெரிய ஆளுண்ணு நெனச்சிரண்டாம்.”

அன்று மத்தியானமே பிட்டரின் வீட்டுக்குப் போனேன். பாரம் இறங்கிய நடையாக இருந்தது என்று வெட்கத்தோடு எழுதுகிறேன். செய்தி எனக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. அவர் வாசற்படியில் நின்றார், என்னை ஏறச் சொல்லவில்லை.

“சபையில எழும்பிப் பறஞ்சீராமே.”

“ஆமா பிட்டரண்ணே. எல்லாரு முன்னாலயும் சொன்னேன். தப்பு எனக்குள்ளதுண்ணு.”

“எங்கிட்ட கேட்டீரா?”

கையிலிருந்த நோட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“அண்ணைக்கு வந்தவனில பாதிப்பேரு மறந்தாச்சு. இப்பம் உள்ள பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியாது. மோள குன்னத்துகாலில கெட்டிக் கொடுத்திருக்கேன், அவியளுக்கும் தெரியாது. நீரு எழும்பி ‘பிட்டரு ஒற்றுக்காரன் இல்ல’ண்ணு சொன்னீரு. கேட்டவனெல்லாம் ‘ஓ, அப்படி ஒரு காரியம் உண்டா’ண்ணு கேக்கான். சொமந்தது நானு. எறக்கி வச்சது நீரு.”

“நான் குன்னத்துகாலுக்குப் போயி சொல்லுதேன்.”

“போவாண்டாம்” என்றார். கதவைச் சாத்தினார்.

நான் போனேன். அதுவும் அவர் சொன்னதைக் கேளாமல் செய்ததுதான். மகளின் மாமனார் மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த விளையில் நின்றார். முழுவதையும் கேட்டார்.

“அண்ணைக்கு நீரு சொன்னது பொய்யா, இண்ணைக்கு சொல்லுதது பொய்யா, எங்களுக்கு எப்படித் தெரியும்? நீரு பொய் பறயத் தெரிஞ்ச ஆளுண்ணு மட்டும் தெரிஞ்சு.”

சாயா கொடுத்து அனுப்பினார்கள். நான் குடித்து முடிக்கும்வரை யாரும் கூட உட்காரவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள். அழவில்லை. வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல நேராக நின்று பேசினாள்.

“சார் இனி இங்க வரண்டாம். அப்பா இருக்கும் வரைக்கும் ஆருட்டயும் ஒண்ணும் மிண்டண்டாம். நல்லது சொல்லவும் வேண்டாம்.”

மாமியார் அவளைப் ‘போலீசு வீட்டுக்காரி’ என்றே வருஷக்கணக்கில் கூப்பிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நான் வாயை மூடிக்கொண்டேன். பாதை வந்தது. முதல் வண்டி பாறசாலையில் நின்ற நாளில் ஊர் முழுக்க ஸ்டேஷனில் கூடியிருந்தது. டீசல் எஞ்சின், மூச்சு எண்ண அதில் ஒன்றும் இல்லை. பிட்டர் கூட்டத்தைவிட்டு விலகிப் பிளாட்பாரத்தின் வடக்குக் கோடியில் தனியாக நின்றார், தலை நரைத்து, கூன் விழுந்து. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். வண்டி நகரும்வரை அவர் அங்கேயே நிற்பார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் நடந்து தெற்குக் கோடிக்குப் போய்விட்டார், அந்த நீளம் முழுவதும், மெதுவாக. கூட்டம் அவருக்கு வழிவிட்டது. அது மரியாதைக்கு விட்ட வழி இல்லை.

சில வருஷங்களில் அவர் இறந்தார். அடக்கத்துக்குப் போய் ரோட்டிலேயே நின்றுவிட்டு வந்தேன். மறுமாதம் மகளைப் போய்ப் பார்த்து, இப்போது சொல்லலாமா என்று கேட்டேன்.

“எனக்க பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடியட்டு” என்றாள்.

கடைசிப் பையனின் கல்யாணம் முடிந்தது என்று கேள்விப்பட்டதும் மறுபடி போனேன். அவளுக்கும் முடி வெளுத்திருந்தது. இந்த முறை உட்காரச் சொன்னாள்.

“எழுதுங்க. ஆருக்க பேரும் போடண்டாம். நீங்க செய்தத மட்டும் எழுதுங்க. அப்பா நல்லவருண்ணு எழுதிராதீங்க.”

“ஏன் மோளே?”

“அத நீங்க சொன்னா ஆரும் நம்பமாட்டாவ சார்.”